பொற்கொடியக்காவின் இடது கன்னம்

பொற்கொடியக்காவை உட்காரச் சொன்னால் உட்காருவார். அவருடைய கால் மட்டும் உட்காராது. டீ குடிக்கும்போதும் ஃபோன் பேசும்போதும் என் கடை ஸ்டூலில் ஊர்க்கதை அளக்கும்போதும் வலது கால் தரையை அழுத்திக்கொண்டே இருக்கும். எதிரே ரோட்டில் எவனாவது ஸ்கூட்டரைக் கண்டபடி திருப்பினால் அந்தக் கால் சடக்கென்று ஊன்றும். இல்லாத பிரேக்கை மிதிப்பார். டிரைவிங் ஸ்கூல் வண்டியில் கற்றுக்கொடுப்பவர் உட்காரும் இடப்பக்கத்திலும் ஒரு கிளட்சும் ஒரு பிரேக்கும் உண்டு. அதை மிதித்து மிதித்து வந்த பழக்கம்.

நான் அப்துல் வஹீது. கணபதியில் கார்களுக்கு சீட் கவர் தைத்து மாட்டுகிறேன், கண்ணாடிக்கு வெயில் தடுக்கும் ஃபிலிம் ஒட்டுகிறேன். பக்கத்துக் கடைதான் கோவிந்தராஜுலு சாரின் டிரைவிங் ஸ்கூல். நான் கடை போடுவதற்கு முன்பிருந்தே அக்கா அங்கே கார் கற்றுக்கொடுக்கிறார். எங்கள் பக்கத்தில் கார் ஓட்டும் பெண்களில் பாதிப் பேர் அவரிடம் திட்டு வாங்கித் தேறியவர்கள்தான். "கிளட்ச்சப் புடிங்க அம்மணி! பிரேக்க மட்டும் மிதிச்சா வண்டி ஆஃப் ஆகாம என்ன பண்ணும்?" என்ற குரல் காலையில் கேட்டால் நான் ஷட்டரைத் தூக்க நேரமாகிவிட்டது என்று அர்த்தம்.

அக்கா பிறந்தது வால்பாறையில், தேயிலை எஸ்டேட் தொழிலாளர்களுக்குக் கொடுக்கும் லைன் வீட்டில். அம்மா மாசாணியம்மாள் கொழுந்து பறித்தவர். அப்பா நஞ்சப்பனும் எஸ்டேட்டில்தான் வேலை. அவர் இறந்து, அம்மாவுக்கும் முதுகு முடியாமல் போனதும் லைன் வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். வேலை இருந்தால்தானே அங்கே வீடு. இரண்டு பெண் பிள்ளைகளோடு அந்தம்மா பஸ் ஏறி மலை இறங்கிக் கணபதிக்கு வந்து சேர்ந்தார். அந்தக் கொண்டை ஊசி வளைவுகளில் டிரைவர் ஸ்டியரிங்கை ஒடிப்பதைப் பார்த்தபடியே தான் வந்ததாகவும், வாந்தி எடுத்த தங்கச்சியைக்கூடக் கவனிக்கவில்லை என்றும் அக்கா சொல்வார். இங்கே அக்காவுக்கு மோட்டாருக்குச் செப்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் பட்டறையில் வேலை. அதில் மிச்சம் பிடித்துக் கார் கற்றுக்கொள்ள வந்தவரைக் கோவிந்தராஜுலு சார் அப்படியே வேலைக்கு வைத்துக்கொண்டார். பெண்களுக்குச் சொல்லிக்கொடுக்க அவருக்கு ஒரு பெண் தேவைப்பட்டது.

தங்கச்சிக்குக் கல்யாணம் ஆயிற்று. அம்மாவுக்கு ஆபரேஷன் ஆயிற்று. இடையில் அக்காவுக்கு நாற்பது தாண்டிவிட்டது. 'எனக்கென்ன, என்ற வண்டி ஓடுது' என்று சிரித்துவிட்டுப் போவார். நாங்களும் அதை நம்பிக்கொண்டிருந்தோம்.

இப்போது கன்னத்துக்கு வருகிறேன். கணபதியிலிருந்து சத்தி ரோட்டில் சரவணம்பட்டி வரை போய்த் திரும்புவதுதான் வகுப்பு. காலையில் திரும்பி வரும்போது கிழக்கு வெயில் வண்டியின் இடப்பக்கம் விழும். சாயங்காலம் போகும்போது மேற்கு வெயிலும் இடப்பக்கம்தான் விழும். அக்கா உட்காருவது இடப்பக்கம். இப்படி வருடக்கணக்கில் வெயில் ஒரே கன்னத்தில் அடித்தால் என்ன ஆகும்? வலது கன்னம் ஒரு நிறம். இடது கன்னத்தில் காது முதல் மூக்கு வரை கருத்துத் திட்டுத்திட்டாகப் படர்ந்து, அங்கங்கே புள்ளி விழுந்து, தோலும் சொரசொரவென்று ஆகிவிட்டது. கற்றுக்கொள்ள வருகிறவர்கள் வலப்பக்கம் இருப்பதால் அவர்களுக்கு நல்ல கன்னம் தெரியும். ரோட்டில் போகிறவனுக்கு மற்றது தெரியும். அக்காவுக்கோ நாள் முழுக்க அதுவே தெரியும். பின்னால் வரும் வண்டியைப் பார்க்க அவருக்கென்று தனியாக ஒரு சின்னக் கண்ணாடி மாட்டியிருக்கிறார்கள் அல்லவா, அதில்.

நம் ஊரில் ஒருவர் முகத்தில் கரும்புள்ளி இருந்தால் ஊரே டாக்டர். கடலை மாவு போடுங்க, தயிர் போடுங்க, கஸ்தூரி மஞ்சள் போடுங்க. ஒரு அம்மணி கிளட்சைச் சரியாக விடத் தெரியாமல் வண்டியைக் குதிக்க வைத்துக்கொண்டே அக்காவுக்கு உருளைக்கிழங்குச் சாறு சிபாரிசு செய்ததாம். கேட்கும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நான் என் பங்குக்கு, இடப்பக்கக் கண்ணாடிக்கு நல்ல ஃபிலிம் ஒன்று சும்மாவே ஒட்டித் தருகிறேன் என்றேன்.

"போடா வஹீது. எல் போர்டு வண்டியில நானே ஃபிலிம் ஒட்டிட்டுப் போனா போலீஸ்காரன் கிழிச்சு என் கையிலயே குடுப்பான். அப்பறம் நான் யாருக்கு ரூல்ஸ் சொல்லிக்குடுக்கறது?" என்றுவிட்டார்.

அப்படி அலட்சியமாக இருந்தவர்தான், போன வருடம் திடீரென்று மாறிப்போனார். காரணம் தமிழ்வேந்தன்.

தமிழ்வேந்தன் ஆனைமலைப் பக்கத்துக்காரர். அக்காவின் தங்கச்சி வீட்டுக்காரருக்குத் தூரத்துச் சொந்தம். மஸ்கட்டில் கட்டடம் கட்டும் இடத்தில் டவர் கிரேன் ஓட்டுகிறார். மனைவி இறந்து வெகுநாள் ஆகிவிட்டது, பிள்ளை குட்டி இல்லை. யாரோ கல்யாணப் பேச்சை எடுத்தார்கள். அக்கா வழக்கம்போல் சிரித்துத் தள்ளப் போகிறார் என்று பார்த்தால், ஒரு ஃபோட்டோ அனுப்பிவிட்டார். வலது கன்னம் தெரிகிற மாதிரி, ஜன்னலோரம் திரும்பி நிற்கிற ஃபோட்டோ.

பிறகு தினமும் சாயங்காலம் வீடியோ காலில் பேச்சு. வகுப்பு முடிந்ததும் என் கடைக்குள் வந்து சீட் கவர் அடுக்கின் பின்னால் உட்கார்ந்துகொள்வார். ஃபோனை வலப்பக்கமாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இடப்பக்கத்தைச் சேலைத் தலைப்பால் மறைத்துக்கொண்டு பேசுவார். கை வலித்தாலும் மாற்றமாட்டார். நேரே பார்க்கச் சொல்லி அவர் கேட்டால் சிக்னல் இல்லை என்பார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்றால் என்ன என்று நான் அப்போதுதான் கண்ணால் பார்த்தேன். ஆனால் சிரிக்க முடியவில்லை. அந்த மனிதர் ஏதோ சொல்ல, அக்கா வெட்கப்பட்டதை நான் பார்த்துவிட்டேன். அந்த வயதில் அப்படி ஒரு வெட்கம்.

"அக்கா, சொல்லிப்போடுங்க. ஒரு நாள் தெரியத்தானே போகுது" என்றேன்.

"தெரியறப்ப போயிருக்கும்டா. அதுக்குத்தான் வழி பண்ணிட்டிருக்கேன்."

சித்திரையில் தமிழ்வேந்தன் விடுமுறைக்கு வருகிறார், பெண் பார்க்க. அதற்குள் கன்னம் தெளிந்துவிட வேண்டும். அதுதான் அக்காவின் கணக்கு. தெளியாவிட்டால், எதிரே உட்கார்ந்து ஒரு தடவை பார்த்துவிட்டு அவர் எழுந்து போய்விடுவார் என்று அக்கா உறுதியாக நம்பினார். அந்தப் பயத்தை வாய்விட்டுச் சொன்னது என்னிடம் மட்டும்தான்.

சரவணம்பட்டியில் ஒரு தோல் ஆஸ்பத்திரி இருக்கிறது. ஐ.டி. கம்பெனிப் பெண்கள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் வந்து முகத்தைக் காட்டிவிட்டுப் போகிற இடம். அங்கே ஒளியை வெட்டி வெட்டி அடித்துக் கருந்திட்டை எடுக்கிற மெஷின் உண்டு. டாக்டரம்மா கன்னத்தைப் பிடித்துப் பார்த்துவிட்டு, இது வருடக்கணக்காக ஏறிய வெயில், ஒரே தடவையில் போகாது, நம் நிறத்துக்குக் குறைவாக வைத்து இடைவெளி விட்டுத்தான் அடிக்க வேண்டும் என்றார். அக்காவுக்குப் பொறுமை எங்கே இருக்கிறது? கொஞ்சம் கூட்டி வைத்துச் சீக்கிரம் முடித்துத் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறார். டாக்டரம்மா முடியாது என்று சொல்லிவிட்டார். நல்ல டாக்டர்.

மெஷினைப் பிடிப்பது சைத்ரா என்ற பெண். முதல் தடவை போய்விட்டு வந்து அக்கா அதை என் கடையில் நடித்தே காட்டினார். கண்ணுக்கு மூடி போட்டுப் படுக்க வைத்து, கன்னத்தில் சில்லென்று ஒரு ஜெல் தடவுகிறார்கள். பிறகு அந்தக் கருவியை வைத்து அழுத்தினால் மூடிய கண்ணுக்குள்ளேயும் சிவப்பாக ஒரு வெட்டு வெட்டும். அதே நொடியில் ரப்பர் பேண்டை இழுத்து விட்ட மாதிரி கன்னத்தில் சுளீர். முகத்துப் பூனை முடி கருகிய வாசம் வேறு.

"ஒவ்வொரு வெட்டுக்கும் நான் பிரேக்க மிதிச்சிருக்கேன்டா. அந்தப் புள்ள பயந்துபோயி, ஏனுங்க கால இப்படி உதைக்கறீங்கன்னு கேக்குது. என்னத்தச் சொல்ல!"

அடுத்த சில நாட்களில் புள்ளிகள் காப்பித்தூள் ஒட்டினாற்போல் கருத்து, பிறகு தானாக உதிர்ந்தன. உண்மையிலேயே கொஞ்சம் தெளிந்தது. அக்கா நொடிக்கொரு தரம் கண்ணாடி பார்த்தார். என் கடையில் நிற்கிற கார்களின் கண்ணாடியைக்கூட விடவில்லை. சைத்ரா சொன்ன பத்தியம் எல்லாம் கடுமையாகக் காத்தார். வெயில் படக் கூடாது, ஆவி பிடிக்கக் கூடாது, அடுப்பின் அனல் முகத்தில் அடிக்கக் கூடாது. வீட்டில் சமையலை மாசாணியம்மாளிடம் கொடுத்துவிட்டார். வண்டிக்குள்ளே துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு, அதற்கு மேல் குடையும் விரித்துக்கொண்டு உட்கார்ந்தார். கற்றுக்கொள்ள வந்த அம்மணிகள் இடப்பக்கக் கண்ணாடி தெரியவில்லை என்று கோவிந்தராஜுலு சாரிடம் புகார் சொன்னார்கள். அவர் தலையில் அடித்துக்கொண்டார்.

ராத்திரித் தூக்கம் போய்விட்டது அக்காவுக்கு. வீட்டில் நாற்காலிகளை இடம் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தார். இடது கன்னம் சுவர்ப் பக்கம் வருகிற மாதிரி எங்கே உட்காரலாம் என்ற ஒத்திகை. "பொண்ணு பாக்க வாரவரு உன்னய சுத்தி வந்து பாக்க மாட்டாரா?" என்று அந்தம்மா கேட்டதற்கு இரண்டு நாள் பேச்சு வார்த்தை இல்லை.

தமிழ்வேந்தன் வருவதற்கு முன்னால் கடைசியாக ஒரு தடவை ஒளி வைத்தாயிற்று. அதே வாரம் அவர்கள் தெரு மாரியம்மன் கோயில் திருவிழா, எங்கள் பேச்சில் நோம்பி, வந்தது. இந்தச் சம்பந்தம் கூடிவந்தால் பூவோடு எடுக்கிறேன் என்று அக்கா வேண்டிக்கொண்டிருந்தார். கூடி வரட்டும், பிறகு எடுக்கலாம் என்று இருந்திருக்கலாம். முன்கூட்டியே எடுத்துவிட்டால் அம்மன் மறுக்க முடியாது என்று இவருக்கு ஒரு யோசனை.

எங்கள் பக்கத்தில் பூவோடு பார்த்திருப்பீர்கள். மண்சட்டியில் விறகு கொழுந்துவிட்டு எரியும். அடியில் வேப்பிலையை வைத்து வெறுங்கையில் ஏந்திக்கொண்டு பெண்கள் வரிசையாக நடந்து வருவார்கள். கை சுடாது. அதைச் சட்டி என்றோ நெருப்பு என்றோ ஒருவரும் சொல்லமாட்டார்கள். அது பூ. அம்மனுக்குக் கொண்டுபோகிற பூ. விளக்கு வைக்கிற நேரத்தில் என் கடை வழியாகத்தான் வந்தார்கள். நான் தண்ணீர்ப் பந்தலில் மோர் ஊற்றிக்கொண்டிருந்தேன். மஞ்சள் சேலையில் அக்கா வந்தார். நிழலில்கூட ஒளிந்து ஒளிந்து போனவர், அன்றைக்கு முகத்தைத் துளி மூடவில்லை. காற்று இடப்பக்கமாகத் தீயைச் சாய்த்தது. அக்கா கண்ணை மூடிக்கொண்டு நடந்தார். அவருக்கும் தோன்றவில்லை, அவர் அம்மாவுக்கும் தோன்றவில்லை, மோர் ஊற்றிக்கொண்டிருந்த எனக்கும் தோன்றவில்லை. வெயில் இறங்கிய பிறகுதானே என்று எல்லோரும் நிம்மதியாக இருந்தோம்.

மறுநாள் காலையில் ஷட்டரைத் தூக்கினால் அக்கா வாசலில் நிற்கிறார். துப்பட்டாவை விலக்கினார். ஒளிக்கருவி வைத்த இடமெல்லாம் கட்டம் கட்டமாகச் சிவந்து வீங்கியிருந்தது. சில நாளில் அந்தக் கட்டங்கள் முன்பு இருந்ததைவிடக் கருப்பாகிப்போயின. பழைய திட்டாவது மேகம் மாதிரி கலைந்து கிடந்தது. இது டைல்ஸ் பதித்த மாதிரி.

"என்ற கையப் பாரு வஹீது" என்று இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டினார். ஒரு சின்னச் சிவப்புகூட இல்லை. "அம்மன் கைய காப்பாத்திப்போட்டா. மொகத்த உட்டுப்போட்டா."

ஆஸ்பத்திரியில் சைத்ரா பார்த்த உடனே அடுப்புப் பக்கம் போனீர்களா என்று கேட்டாளாம்.

"அடுப்பையே தொடலீங்க அம்மணி. பூவோடு மட்டும்தான் எடுத்தேன்."

"அக்கா! பூவோடுன்னா நெருப்புங்க!"

"அது பூவுங்க" என்று சொன்ன பிறகுதான் அக்காவுக்கே உறைத்திருக்கிறது. டாக்டரம்மா திட்டவில்லை. களிம்பு எழுதிக் கொடுத்து, இனி இது ஆறி அடங்கும்வரை ஒளி வைக்க முடியாது, மாதக்கணக்கில் ஆகும், ஆனால் போய்விடும் என்று சொல்லி அனுப்பினார். தமிழ்வேந்தனின் விமானத்துக்கு மாதக்கணக்கு எங்கே இருந்தது? ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருகிறார்கள் என்று முடிவாகியிருந்தது.

அந்த வாரம் அக்காவைப் பார்க்கச் சகிக்கவில்லை. வீடியோ காலை எடுக்கவில்லை. கற்றுக்கொள்கிறவர்கள் மேல் எரிந்து விழுந்தார். என் ஸ்டூலில் உட்காருவார், எழுவார், ரோட்டைப் பார்ப்பார், மறுபடி உட்காருவார். "வர வேண்டாம்னு சொல்லிப்போடறேன்" என்பார். ஃபோனை எடுப்பார். வைத்துவிடுவார். எனக்கு அந்தக் கன்னத்தின் மேல், வெயிலின் மேல், ஃபோட்டோவைப் பார்த்துப் பெண் கேட்கிற உலகத்தின் மேல் கோபம் கோபமாக வந்தது. கோபத்தில் ஒரு நல்ல சீட் கவரைத் தப்பாக வெட்டித் தொலைத்தேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம், வெயில் பொளந்துகொண்டிருந்த நேரம், ஒரு ஆள் டிரைவிங் ஸ்கூல் முன்னால் ஆட்டோவில் வந்து இறங்கினார். நல்ல உயரம். நெற்றியில் ஹெல்மெட் வைத்த இடம் வெளுப்பாகவும் அதற்குக் கீழே முகம் கரியாகவும் இருந்தது. நேரே கோவிந்தராஜுலு சாரிடம் போனார்.

"கார் கத்துக்கோணும்ங்க. கிரேன் ஓட்டுவேன், கார் ஓட்டத் தெரியாது. பொற்கொடிங்கறவங்க நல்லா சொல்லிக்குடுப்பாங்கன்னாங்க."

எனக்குப் புரிந்துவிட்டது. ஃபோனை எடுக்காத பெண்ணைத் தேடி ஞாயிறு வரை காத்திருக்கப் பொறுக்காமல் வந்திருக்கிறார். அக்கா அப்போதுதான் வகுப்பு முடித்து வண்டியின் இடப்பக்கத்திலிருந்து இறங்கினார். ஆளைப் பார்த்தார். துப்பட்டாவை இழுத்துச் சுற்றிக்கொண்டார். கண் மட்டும்தான் தெரிந்தது.

"வாங்க" என்றார்.

"வந்துட்டேனுங்க" என்றார் அவர்.

கற்றுக்கொள்ள வந்தவர் முறையாக வலப்பக்கக் கதவைத் திறந்து ஸ்டியரிங் முன்னால் உட்காரப் போனார். நான் மனதுக்குள் அப்பாடா என்றேன். அவர் அந்தப் பக்கம் உட்கார்ந்தால் தெரியப்போவது அக்காவின் வலது கன்னம்தான். துப்பட்டாவை எடுத்தாலும் ஆபத்தில்லை. சரவணம்பட்டி வரை போய் வரலாம். ஊருக்கே தெரிந்த நல்ல பக்கத்தை இவருக்கும் காட்டிவிட்டு, ஞாயிற்றுக்கிழமையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அக்கா இடப்பக்கக் கதவில் கை வைத்தபடி நின்றார். நின்றுகொண்டே இருந்தார். பிறகு வண்டியைச் சுற்றி வந்து அவருக்கு முன்னால் நின்றார்.

"இறங்குங்க. நீங்க அந்தப் பக்கம் ஏறுங்க. மொதல்ல நான் ஓட்டிக் காட்டறேன்."

வலப்பக்கம் ஏறி உட்கார்ந்தார். துப்பட்டாவை அவிழ்த்துப் பின் சீட்டில் எறிந்தார். இடப்பக்கம் உட்கார்ந்த மனிதருக்கு நேராக, வெயிலில், மறைக்க ஒன்றுமில்லாமல் அந்தக் கன்னம். வண்டி கிளம்பிச் சத்தி ரோட்டில் போய் மறைந்தது.

எனக்கு வேலை ஓடவில்லை. ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. கோவிந்தராஜுலு சார் வேறு வெளியே வந்து வந்து ரோட்டைப் பார்த்துவிட்டுப் போனார். வெகுநேரம் கழித்து வண்டி வந்தது. தமிழ்வேந்தன் இறங்கி ஆபீசுக்குள் போனார். முகத்தைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. அக்கா என் கடைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். கண் இரண்டும் சிவந்திருந்தது.

"என்னாச்சுங்கக்கா?"

"வண்டி ஆஃப் ஆயிருச்சுடா. என்ற கையில வண்டி ஆஃப் ஆயிருச்சு."

"எங்க?"

"சத்தி ரோட்டுல, நடு ரோட்டுல. கணபதி தாண்டற வரைக்கும் அந்தாளு வாயே தொறக்கல. இந்தப் பக்கமே பாத்துட்டு வாராரு. ரோட்டப் பாருங்கன்னேன். கேக்கல. திடீர்னு கால் கிட்ட இருந்த பிரேக்க ஓங்கி மிதிச்சுப்போட்டாரு. கிளட்ச் புடிக்கல, ஒண்ணும் புடிக்கல. வண்டி குலுங்கி நின்னுபோச்சு. பின்னாடி வந்தவன் பூரா கெட்ட வார்த்தையில திட்டறான். ஏனுங்க மிதிச்சீங்கன்னு கத்தினேன். ஓடற வண்டியில சரியாத் தெரியலீங்க, ஒரு நிமிசம் இருங்கன்னு சொல்லிப்போட்டு, கிட்ட வந்து பாத்தாரு."

நான் கையிலிருந்த கத்தரியைக் கீழே வைத்தேன்.

"எதுனால வந்துச்சுன்னு கேக்கல வஹீது. எப்பப் போகும்னு கேக்கல. ஏன் மறைச்சீங்கன்னுகூடக் கேக்கல. 'வலிக்குதுங்களா'ன்னு கேட்டாரு. இத்தன பேரு பாத்தாங்க, எங்கம்மா பாத்துச்சு, நீ பாத்த. ஒருத்தரும் அதக் கேக்கலடா."

பக்கத்து ஆபீசில் தமிழ்வேந்தன், வகுப்பு காலையிலா சாயங்காலமா என்று கோவிந்தராஜுலு சாரிடம் கேட்டுக்கொண்டிருப்பது கேட்டது. ரோட்டில் ஒரு பையன் ஸ்கூட்டரைக் குறுக்கே திருப்பினான். அக்காவின் கால் அசையவில்லை.

"நீங்க என்ன சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"பின்னாடி பஸ்காரன் ஹாரன்ல வெச்ச கைய எடுக்கவே இல்ல. நான் சாவியத் திருப்பல. ஆமாங்க, ரொம்ப எரியுதுங்கன்னு சொன்னேன். சொல்லிப்போட்டு, அங்கயே உக்காந்து அழுதுபோட்டேன்."